மூன்றாம் பள்ளத்துக் கல்

மதுரை காளவாசலிலிருந்து தேனி ரோட்டில் போனால் நாகமலை அடிவாரத்தில் ஒரு கல் பட்டறை வரும். நான் வாங்கும்போது அந்த இடம் கருவேல முள்ளும் பாம்புப் புற்றுமாகக் கிடந்தது. அதைத் திருத்தி, கிணறு வெட்டி, கரண்டு இழுத்தவன் நான். கல் அறுக்கிற மிஷின் வந்து இறங்கியபோது அதைப் பூட்டத் தெரிந்த ஆள் சொன்ன தேதிக்கு வரவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், கூட வந்த படத்தைப் பார்த்தே நான்கு நாளில் அதைப் பூட்டி ஓடவிட்டேன். வில்லாபுரத்தில் தெருத் தெருவாக என் பட்டறைக் கல்தான் தரையாகக் கிடக்கிறது. திருநகரில் ஒரு கல்யாண மண்டபத்து வாசல் படிகள் அத்தனையும் என் கையால் அளந்து போட்டவை. இன்றுவரை அதில் ஒருவரும் தடுக்கி விழவில்லை. மேலூர்ப் பக்கம் கல் பள்ளம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தேன். எங்கள் ஆட்களில் அப்படி எடுத்த முதல் ஆள் நான். என் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர், மழை பொய்த்த வருஷங்களில் அடுத்தவர் பள்ளத்தில் கல் சுமந்தவர். அவருடைய இடது தோள் கடைசிவரை கறுத்துத் தடித்தே இருந்தது.

இதையெல்லாம் சொல்லிக் காட்டும் வயது உங்களுக்குத் தாண்டிவிட்டது என்கிறாள் என் மனைவி. இருக்கட்டும். இவ்வளவு செய்தவனுடைய வாய்ச்சொல், ஒரே ஒரு கல்லின் விஷயத்தில் செல்லாமல் போய்விட்டது. அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த ஆள் உலகத்தில் இப்போது நான் ஒருவன்தான் இருக்கிறேன். நான் சொல்கிறேன், எடுத்துக்கொள்வார் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பல வருஷங்களுக்கு முன்னால் கருங்கல் பலகை ஏற்றிக்கொண்டு கோதாவரிப் பக்கம் ஒரு லாரி போனது. ஓட்டியவன் என் கூட்டாளி. நாங்கள் ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவோம். திரும்பும்போது வண்டி வெறுமனே வரக் கூடாது என்று அங்கேயே சிவப்பு மணல்கல் ஏற்றலாம் என்று நினைத்தேன். கல்லை நானே நின்று பொறுக்க வேண்டும் என்று கூடவே போனேன். அதுதான் என் பழக்கம், அடுத்தவன் பொறுக்கிய கல்லை என் மிஷினில் ஏற்ற மாட்டேன்.

அங்கே வரிசையாகப் பள்ளங்கள் இருந்தன. எங்கள் ஊர்க் கருங்கல்லைப் போல வெடி வைக்க வேண்டியதில்லை. கடப்பாரையை நுழைத்து நெம்பினால் பலகை பலகையாகப் பிரிந்து வந்தது. முதல் இரண்டு பள்ளத்துக் கல் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது பள்ளத்தின் கரையில் ஒற்றைப் பனை நின்றது. உள்ளே இறங்கினால் சிவப்புக் கல்லுக்கு நடுவே முழங்கால் உயரத்தில் பச்சை நிறத்தில் களிமண் வரி ஒன்று விரல் கனத்துக்கு ஓடியது. அந்தப் பச்சை வரிக்குக் கீழே இருந்த கல்லில் ஆற்று மணலில் காற்றடித்த மாதிரி அலை அலையாக இருந்தது. வீட்டு முகப்புக்கு ஒட்ட அது அழகாக இருக்கும் என்று அந்தக் கல்லை மட்டும் எடுக்கச் சொன்னேன். மேலே நின்ற கூட்டாளிக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏ மாப்ள, கல்லு எடுக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? இம்புட்டு நேரமா மூஞ்சி மூஞ்சியா பாத்துக்கிட்டு இருக்க?”

அவன் சொன்னது இன்றைக்கும் காதில் கேட்கிறது. பச்சை வரிக்குக் கீழே என்பது எனக்கு எப்படி இத்தனை உறுதியாகத் தெரியும் என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அன்றைக்கு நான் அந்தக் கல்லைத்தான் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்து பார்த்தபோது சில கல்லில் அடிப்பக்கம் சின்னச் சின்னப் புடைப்பு. சில கல்லில் மேல்பக்கம் அதே அளவுக்குப் பள்ளம். எங்கள் தொழிலில் புடைப்பு என்றால் ஊனம். வாங்குகிறவர் தடவிப் பார்த்து முகம் சுளிப்பார். புடைப்பு உள்ள பதினொரு கல்லையும் மிஷினில் விட்டு வழுவழுவென்று தேய்த்துவிட்டேன். ஆளை விட்டுச் செய்யவில்லை, நானே நின்று தேய்த்தேன். வேலை நன்றாக வந்தது என்று பெருமைப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது. அவை எந்தெந்த வீட்டுக்குப் போயின என்று தெரியாது. பள்ளம் விழுந்த கற்கள் உடைந்து அஸ்திவாரக் குழிக்குப் போயின. ஒன்று மட்டும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கை கால் கழுவ மிதிகல்லாகக் கிடந்தது. அத்தனை வருஷமும் அதன் மேல் நின்றுதான் நான் கால் கழுவினேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு சாயங்காலம். வெயில் நாகமலைக்குப் பின்னால் இறங்குகிற நேரம், வெளிச்சம் தரையோடு தரையாகப் படுத்து வந்தது. கால் கழுவிவிட்டுத் திரும்பினேன். ஈரக் கல்லில் ஒரு பிராணி நடந்துபோன தடம் தெரிந்தது. உச்சி வெயிலில் ஒன்றுமே தெரியாத கல் அது. சாய்ந்த வெளிச்சத்தில் இடதும் வலதுமாக ஒன்பது கால் தடமும், நடுவில் வால் இழுத்த கோடும் நிழல் கட்டி நின்றன.

பட்டறை ஆட்கள் கோழி என்றார்கள். ஒருவர் நாய்க்குட்டி என்றார். கோழிக்கு ஏதடா ஐந்து விரல் என்று கேட்டேன். குனிந்து விரல் விரலாக அளந்தேன். முதல் விரலிலிருந்து நீண்டுகொண்டே போய் நான்காவது விரல்தான் எல்லாவற்றையும் விட நீளம். ஐந்தாவது தனியாக விலகி நிற்கிறது. இப்படி ஒரு காலை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று அன்று முழுக்க யோசித்தேன். மறுநாள் காலை காம்பவுண்டுச் சுவரில் ஒரு ஓணான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அதை ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டுப் பிடித்தேன், இந்த வயதில். கல் அறுத்த சேற்றைப் பலகையில் பரப்பி அதன் மேல் நடக்கவிட்டேன். ஆட்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். “அண்ணன் அடுத்து ஓணானை வச்சு மாவாட்டப் போறாரு” என்றான் ஒருவன். ஓணான் ஓடிய தடத்தைக் கல்லோடு வைத்துப் பார்த்தேன். நான்காம் விரல் நீளம். ஐந்தாம் விரல் விலகல். நடுவில் வால் கோடு. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

இந்த ஓணான் வேலையை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. படித்தவர்கள் பிறகு வந்து சொன்னதை மூன்றாம் வகுப்புக்காரன் ஒருவன் முதலிலேயே கண்டுகொண்டான். இதில் பொய் ஒரு சொல் கிடையாது.

கல் வாங்க வந்த ஒருவர் அதைப் போட்டோ எடுத்து, கல்லூரியில் மண்ணும் கல்லும் பற்றிப் பாடம் எடுக்கும் பேராசிரியை ஒருவருக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் அந்த அம்மா ஐந்தாறு மாணவர்களோடு வந்து இறங்கினார். கல்லின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தடமாக அளந்தார். பிறகு எனக்கு விளக்கினார். தவளை வகையறா முட்டையைத் தண்ணீரில்தான் இட வேண்டுமாம். தண்ணீரை விட்டுப் போனால் வம்சம் இல்லை. ஊர்கிற பிராணிகளின் முன்னோர்தான் முதன்முதலில் தண்ணீரை முட்டைக்குள்ளேயே அடைத்து, மேலே தோலை மூடி, காய்ந்த நிலத்தில் இட்டன. அப்படித்தான் கரையை விட்டு உள்நாட்டுக்குள் நடக்க முடிந்தது. பல்லி, பாம்பு, ஆமை, முதலை, பறவை எல்லாம் அந்த வழியில் வந்தவை. வைகையில் தண்ணீரைப் பார்ப்பதே அதிசயமான ஊரில் பிறந்தவனுக்கு இது சட்டென்று புரிந்தது. குடத்தைக் கையோடு கொண்டுபோகிறவன்தான் பிழைக்கிறான்.

அந்த முதல் பிராணிகள் சின்னவை, எலும்பு மெலிசு, மக்கிப்போய்விடும், கிடைப்பது அபூர்வம் என்றார். அதனால் ஈர மண்ணில் அவை நடந்த தடம் கிடைத்தால் அதுவே பெரிய சாட்சி. டைனோசருக்கெல்லாம் மூத்த வம்சமாம். கோடிக் கணக்கில் வருஷம் சொன்னார். அப்புறம் ஒன்று சொன்னார்: நடுவில் ஒரு பேரழிவு வந்தது, உலகத்தில் இருந்த உயிரில் பெரும்பகுதி செத்துப்போனது. இந்தப் பிராணி அதற்கு முன்னால் நடந்ததா, தப்பிப் பிழைத்த பின்னால் நடந்ததா என்பதுதான் கேள்வி. கல் எந்த இடத்தில், எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதைச் சொல்ல முடியும்.

“இது தாத்தாவா பேரனான்னு அந்த இடம்தான் சொல்லும் ஐயா. இந்தக் கல்லை எங்க எடுத்தீங்க?”

மாணவர்கள் எல்லாரும் செல்போனை என் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தார்கள். என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கல் வந்த வழியை வெளியாளிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த முறை அவன் நேரே அங்கே போய்விடுவான். பட்டறையில் கிடப்பது எதுவானாலும் ‘நம்ம கல்லு’ என்றுதான் சொல்வோம். நாற்பது வருஷம் அப்படிப் பழகிய நாக்கு. அதோடு, நீட்டிய அந்தப் போன்களைப் பார்த்ததும் என்னவோ அப்பாவின் தோள் ஞாபகம் வந்தது. இப்பேர்ப்பட்ட ஒன்று எங்கள் பள்ளத்திலிருந்து வந்ததாக இருக்கட்டுமே என்று பட்டது.

“நம்ம கல்லுதான் மேடம். மேலூர்ப் பக்கம் நம்ம பள்ளம். நானே நின்னு எடுத்தது” என்றேன்.

அந்த அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. பள்ளத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அழைத்துப் போனேன். கருங்கல்லைச் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். இந்தப் பக்கத்துக் கல் எல்லாம் பூமிக்குள் வெந்து உருமாறியது, தரையில் பிராணி என்று ஒன்று கால் வைப்பதற்கு முன்னாலேயே வெந்து முடிந்தது, இதில் புழுவின் தடம்கூடக் கிடைக்காது என்று பொறுமையாகச் சொன்னார். வழியில் நாகமலையைக் காட்டிக் கேட்டேன். மதுரையை விழுங்க வந்த பாம்பு கல்லாகிக் கிடக்கிறது என்று சொல்லித்தானே எங்களை வளர்த்தார்கள். “அதுவும் அதே கல்லுதான் ஐயா” என்றார். பாம்பு என்று பேர் வைத்த மலைக்குள் பாம்பின் எலும்பு ஒன்றுகூடக் கிடையாது.

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கம் பிடித்துக்கொண்டது. மறுபடி அவர் கேட்டபோது ராஜஸ்தான் என்றேன். சிவப்புக் கல் எது வந்தாலும் நாங்கள் வாங்குகிறவர்களிடம் ராஜஸ்தான் கல் என்றுதான் சொல்வோம், அதற்குத்தான் மதிப்பு. மாணவி ஒருத்தி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு பஸ் ஏறிக் கல்லூரிக்கே போய்க் கோதாவரி, மூன்றாம் பள்ளம், பனை, பச்சை வரி, அதற்குக் கீழே என்று ஒன்று விடாமல் சொன்னேன். புடைப்புக் கற்களைத் தேய்த்ததையும் சொன்னேன். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பள்ளமாக விழுந்த தடத்தை விட, அதன் மேல் மணல் படிந்து உண்டான புடைப்பில்தான் சில சமயம் தோல் ரேகைவரை தெரியுமாம். பதினொரு கல்லில் அந்த ரேகையை நான் பளபளப்பாக ஆக்கிவிட்டேன்.

“இப்ப சொல்றது உண்மைன்னுதான் எனக்கும் படுது ஐயா. ஆனா நீங்க மூணு இடம் சொல்லிட்டீங்க. உங்க கூட வந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?”

கூட வந்தவன் ஒருவன்தான். அவன் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. மூஞ்சி மூஞ்சியாகப் பார்க்கிறாய் என்று அவன் கேலி செய்தது ஒன்றுதான் என்னிடம் இருந்த சாட்சி. அதையும் சொல்லிப் பார்த்தேன்.

நானே போய் அதே அடுக்குக் கல் ஒன்றைச் சாட்சிக்குக் கொண்டுவருகிறேன் என்று கிளம்பினேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு ரயில் ஏறி, மொழி தெரியாத ஊரில் இறங்கி, ஷேர் ஆட்டோ மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். பனை இல்லை. பள்ளங்கள் எல்லாம் ஒன்றாகி ஏரி போலத் தண்ணீர் நின்றது. கரையில் எருமை மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் கையை ஆட்டி, முழங்காலைக் காட்டி, பச்சை இலையைக் கிள்ளிக் காட்டிக் கேட்டேன். அவர் எனக்குப் பசிக்கிறது என்று நினைத்து ஒரு வாழைப்பழம் கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றேன். எந்த இடத்தில் மூன்றாவது பள்ளம் என்று அப்போதும் எனக்குத் தெரிந்தது. கிழக்குக் கரையிலிருந்து அந்தத் திருப்பம், அதற்கு நேர் கீழே. என் கண்ணுக்குத் தெரிகிற அந்த இடத்தை இன்னொரு கண்ணுக்குக் காட்ட வழியில்லை. செல்போனில் படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

படத்தைப் பேராசிரியை பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இதுல தண்ணி மட்டும்தான் ஐயா தெரியுது.”

“அதுக்கு அடியிலதான் மேடம் இருக்கு.”

“நான் நம்புறேன். ஆனா எழுத முடியாது. நான் எழுதினா, பின்னாடி வர்றவங்க அதை வச்சுத்தான் எல்லாத்தையும் சொல்வாங்க. அது தப்பா இருந்தா மொத்தமும் தப்பாப் போயிரும்.”

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அஸ்திவாரம் போடாமல் சுவர் எழுப்ப மாட்டேன் என்கிற கொத்தனாரை நான் கோபித்துக்கொள்ள முடியுமா? அவர் தொழிலை அவர் சரியாகச் செய்தார்.

அன்று வீட்டில் உட்கார்ந்து இதையே மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். மூணாம் பள்ளம்தான், பச்சை வரிக்குக் கீழதான் என்று நான் சொல்லி முடித்த நேரத்தில் சுவரில் பல்லி கத்தியது. பேசும்போது கவுளி சொன்னால் பேச்சு உண்மை என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. அவள் தரையை விரலால் தட்டிவிட்டுச் சொன்னாள்:

“இந்தா, சாட்சி கெடச்சிருச்சு. பிடிச்சுக்கிட்டுப் போயி அந்தம்மா முன்னாடி நிறுத்துங்க. அதோட பாட்டன் பூட்டன் விவகாரந்தானே, அதுக்குத் தெரியாமலா இருக்கும்?”

நானும் சிரித்தேன். பிறகு எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். ஒரு பல்லியின் வாய்க்கு இருக்கிற நம்பிக்கைகூட இல்லாத வாயாக என் வாயை நானே ஆக்கிக்கொண்டேன். நான் பேசியதெல்லாம் பெரிது பெரிதாகப் பேசியதுதான். மிஷின் பூட்டினது மூன்று நாள் என்று சொல்வேன், நான்கு நாள் ஆனது. அதனால் ஒருவருக்கும் கெடுதல் வரவில்லை. உண்மையை மட்டும் கொடுக்க வேண்டியிருந்த ஒரே இடத்தில் நாக்கு பழைய வேலையைச் செய்துவிட்டது.

கல் இப்போது கல்லூரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கொடுத்தது நான்தான், சும்மாதான் கொடுத்தேன். ஒரு பக்கமாக விளக்குப் போட்டு, அன்று நான் பார்த்த சாய்ந்த வெளிச்சம் போலவே தடம் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு அட்டை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘மணல்கல்லில் ஊர்வனத் தடம். இடம்: தெரியவில்லை. காலம்: தெரியவில்லை.’ அவ்வளவுதான். தடத்துக்குத்தான் பேர் வைப்பார்களாம், நடந்த பிராணிக்கு வைக்க மாட்டார்களாம், அது எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால். இந்தக் கல்லில் தடத்துக்கும் இன்னும் பேர் இல்லை. பேரழிவுக்கு முன்னால் அது மண்ணில் நடந்திருந்தால், பின்னால் என்ன வரப்போகிறது என்று தெரியாமல் ஒன்பது எட்டு வைத்திருக்கிறது. நான் அதைத் தூக்கிவந்து, அதன் கூட்டத்தைத் தேய்த்து, அதன் ஊரையும் இல்லாமல் ஆக்கிவிட்டேன்.

மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். வாட்ச்மேன் என்னை யாரோ பையனைச் சேர்க்க வந்தவர் என்று நினைத்து ஆபீஸ் அந்தப் பக்கம் என்று கை காட்டுகிறார். முட்டி வர வர மோசமாகிறது. நான் போய்விட்டால் மூன்றாம் பள்ளம் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை. அந்தத் தண்ணீர் ஒருநாள் வற்றலாம், யாரோ இறங்கிப் பார்க்கலாம். அன்றைக்கு இன்ன இடத்தில் தேடு என்று சொல்ல ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

அதனால் கல்லூரிக்காரர்களைக் கேட்கிறேன். இரக்கத்துக்காகக் கேட்கவில்லை, எனக்குச் சேர வேண்டியதைக் கேட்கிறேன். அந்த அட்டைக்குக் கீழே இன்னொரு அட்டை வையுங்கள். இந்தத் தடத்தை முதலில் பார்த்தவன், நான்காம் விரலை அளந்தவன், ஓணானை நடக்கவிட்டு ஒப்பிட்டவன் நாகமலை அடிவாரத்துக் கல் பட்டறைக்காரன் என்று எழுதுங்கள். இதன் ஜோடிக் கற்கள் பதினொன்றைத் தேய்த்து அழித்தவனும் அவன்தான் என்று எழுதுங்கள். இரண்டு முறை பொய் சொன்னான் என்றும் எழுதுங்கள், மறைக்க வேண்டாம். மூன்றாம் முறை அவன் சொன்னது: கோதாவரிப் பக்கம், ஒற்றைப் பனை நின்ற மூன்றாம் பள்ளம், பச்சை வரிக்குக் கீழே. நம்ப வேண்டாம், அவன் இப்படிச் சொன்னான் என்று மட்டும் எழுதுங்கள். என் தமிழில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். இடத்தில் ஒரு எழுத்தையும் தொடக் கூடாது.